அடிக்காமல் விட்ட மறுமுனை

நேற்று சாயங்காலம் மண் அள்ளும் இயந்திரத்தின் வாளி, பாறை இருந்தாக வேண்டிய இடத்தில், பிசைந்த மாவில் விரல் இறங்குவது போல இறங்கியது. குழியின் விளிம்பில் நின்றிருந்த சின்னவளின் முகம் செத்துப்போனது. அந்த முகத்தோடுதான் வீட்டுக்குள் போனாள்.

விடிந்த பிறகும் முகம் அப்படியேதான் இருந்தது.

சின்னவள் அந்தக் குடும்பத்தின் இளைய மருமகள். மண்ணைத் தோண்டாமலே அடியில் பாறை எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று சொல்வது அவள் தொழில். தரையில் ஓர் இரும்புத் தட்டை வைத்துச் சம்மட்டியால் ஒரு போடு போடுவார்கள். அதிர்வு கீழே போய், பாறையைத் தொட்டு, அதன் முதுகிலேயே ஓடி மேலே வரும். தரையில் வரிசையாகக் குத்தி வைத்த உணரிகள், ஆளுக்கொரு காதைத் தீட்டிக்கொண்டு, அது எப்போது வந்தது என்று கேட்டுச் சொல்லும். பாலங்களுக்கும் அணைகளுக்கும் இப்படிப் பாறை பார்த்துக் கொடுத்தவள், கணவரின் கட்டடத்துக்கும் பார்த்துக் கொடுத்தாள். சொந்த வேலையாயிற்றே, கொஞ்சம் தலையைத் தூக்கிக்கொண்டே செய்தாள்.

கணவர் பல் டாக்டர். வீட்டை ஒட்டிய காலி மனையில் சொந்தமாக ஓர் ஆஸ்பத்திரி கட்டுகிறார். அடித்தளத்தில் கார் நிறுத்த இடம்; அதற்குத்தான் இந்தக் குழி. மனையின் கடைசியில் ஒரு சுற்றுச்சுவர். அதைத் தாண்டினால் அவருடைய அண்ணன் வீடு. அண்ணன் கப்பலில் என்ஜினீயர், வருஷத்தில் பாதி கடலில்தான். வீட்டில் இருப்பது அண்ணி மட்டும். மருந்துக்கடை வைத்து நடத்தும் பெரியவள். சின்னவளுக்கு ஓரகத்தி.

ஓரகத்திகள் இருவருக்கும் பேச்சு நின்று வெகுநாள் ஆகிறது. மாமியார் கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது, சின்னவள் எங்கோ ஒரு மலையடிவாரத்தில் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தாள். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கூடியிருந்த உறவுக்காரர்கள் நடுவில் பெரியவள் சொன்னாள்: "இவளுக்கு மண்ணைப் பார்க்கத் தெரியும். மனுஷங்களைப் பார்க்கத் தெரியாது."

பொய்யாக இருந்திருந்தால் சின்னவள் சண்டை போட்டிருப்பாள். உண்மையாக இருந்ததால் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே சுவரின் நடுக்கதவைத் தன் பக்கம் தாழிட்டுவிட்டாள்.

"காப்பி ஆறிக்கிட்டே இருக்கு," என்றார் பல் டாக்டர்.

"ஆறட்டும்."

"ஒரு இடத்துல மண்ணு மெத்துன்னு இருந்தா என்ன இப்போ? பல்லுலகூட அப்படி வரும். மேல கெட்டி, உள்ள சொத்தை. சுத்தம் பண்ணி அடைச்சுட்டுப் போயிட்டே இருப்போம்."

"இது சொத்தை இல்லீங்க. பல்லே இல்ல."

அவர் செய்தித்தாளை மடித்தார். "மனை பூரா ஒரே மட்டத்துல பாறை இருக்கு, குழியோட சுவருக்கு முட்டுக்கூடக் கொடுக்க வேண்டாம்னு நீதானே சொன்னே?"

"நான்தான் சொன்னேன்."

"ரோட்டுப் பக்கம் தோண்டினப்ப நீ சொன்ன ஆழத்துல டாண்ணு பாறை வந்துச்சே. மேஸ்திரி உனக்குக் கும்பிடு போட்டாரே."

"ரோட்டுப் பக்கம் வந்துச்சு. அங்கிருந்து கூரை மாதிரி சரிஞ்சு அண்ணன் வீட்டுப் பக்கம் இறங்குது போல. ஒரு முனையில இருந்து மட்டும் அடிச்சா அந்தச் சரிவு தெரியாது. பாறை கொஞ்சம் உதிர்ந்த பாறை போலன்னு ஏமாத்தும். ரெண்டு முனையிலயும் அடிச்சு ஒத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

"அப்போ ரெண்டு முனையிலயும் அடிக்கறதுதானே?"

சின்னவள் காப்பியைக் குடித்தாள். ஆறிப்போன காப்பியைக் குடிப்பது பதில் சொல்வதைவிட எளிதாக இருந்தது.

"சுவரோரம் பூரா பழைய ஷெட்டோட சிமென்ட் தரை. அதுல அடிச்சா அதிர்வு சிமென்ட்டுலயே ஓடிடும்," என்றாள் கடைசியில்.

அது பாதி உண்மை. சுவருக்கு அந்தப் பக்கம், பெரியவளின் தோட்டத்தில், அடிப்பதற்கென்றே விரித்து வைத்தது போல நல்ல மண்தரை இருந்தது. நடுக்கதவைத் திறந்து "அக்கா, கொஞ்சம் உங்க தோட்டத்துல அடிச்சுக்கவா" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அந்த ஒரு வார்த்தைக்கு நாக்கு வளையவில்லை. முதலில் பாறை பார்த்த அன்றைக்கு, சம்மட்டி பிடிக்கும் உதவியாளர் 'அந்தப் பக்கம் எப்ப மேடம் போறோம்?' என்று தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றார். 'வேண்டாம், இதுவே போதும்' என்றாள். சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று அவருக்கும் சந்தோஷம்தான்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. போன வாரம் நடந்ததை நினைத்தால்தான் சின்னவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

போன வாரம் பெரியவளே வீம்பை விட்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "இந்தாம்மா, எங்க சமையலறைச் சுவர்ல விரிசல் விட்டிருக்கு. ஒரு எட்டு வந்து பாரேன்" என்றாள். குழிக்குள் இருந்த ஆட்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சின்னவள் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. "பழைய வீடுன்னா விரிசல் விடத்தான் செய்யும். கீழ பாறை இருக்கு, ஒண்ணும் ஆகாது. பயமா இருந்தா சுண்ணாம்பு பூசிக்கோங்க" என்று மேலே பார்க்காமலே சொன்னாள். ஆட்கள் சிரித்தார்கள். பெரியவளின் தலை சுவருக்குப் பின்னால் மெல்ல இறங்கியது.

பல் டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "நான் சொல்றதைக் கேளு. இன்னிக்குப் போய் அண்ணி தோட்டத்துல அடிச்சுப் பார்த்துட்டு வந்துடு. ஆனா ஏன் எதுக்குன்னு ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம். சும்மா ஒரு சோதனைன்னு சொல்லு. எது வந்தாலும் நாம கமுக்கமா முட்டு கொடுத்துப் பார்த்துக்கலாம். நாளைக்குக் காலையில மெஷின் சுவரோரம் இறங்கியே ஆகணும்."

"சொல்லாம எப்படிங்க?"

"சொன்னா அண்ணன் காதுக்குப் போகும். தம்பி கட்டடம் கட்டறேன்னு என் வீட்டைச் சாய்க்கறான்னு ஆகும். மானம் போறது உனக்கு மட்டும் இல்ல."

சின்னவள் தலையாட்டினாள். அப்படி ஆட்டியதற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

நடுக்கதவின் தாழ்ப்பாள் துருவேறிப் பிடித்துக்கொண்டிருந்தது. உதவியாளர் தட்டிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், கடைசியில் சம்மட்டியையே எடுத்தார். ஊரில் அவருக்குப் பெயரே சம்மட்டியார்தான்.

"பாறையைவிட இது கெட்டி மேடம். இதைத் திறக்கத் தனியா ஒரு கூலி போடுங்க."

மூன்றாவது போட்டில் தாழ்ப்பாள் கழன்று விழுந்தது. கதவைத் தள்ளினால் எதிரே பெரியவள், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு.

"யாரு, பாறை டாக்டரா? கதவை உடைச்சுக்கிட்டுத்தான் வரணுமா? வாசல் பக்கம் மணி வெச்சிருக்கேனே."

"அக்கா..." அந்தச் சொல் வெளியே வந்ததே பெரிது. "உங்க தோட்டத்துல கொஞ்சம் அடிக்கணும்."

"அடிக்கணுமா? யாரை?"

சம்மட்டியார் சிரித்துவிட்டார். பெரியவள் சிரிக்கவில்லை. சின்னவளை ஏற இறங்கப் பார்த்தாள். பார்வை கேபிள்கள், பெட்டி, இரும்புத் தட்டு எல்லாவற்றிலும் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பியது. பிறகு குரல் மாறியது.

"விரிசல்னு சொன்னேனே. அதுக்காகவா வந்தே?"

'இல்லை' என்று சொல்ல அதுதான் நேரம். சின்னவளும் வாயைத் திறந்தாள்.

"ஆமாக்கா. அதுக்குத்தான்."

பெரியவளின் முகத்தில் அப்போது ஏற்பட்ட மாற்றத்தைச் சின்னவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. குனிந்து கேபிளைப் பிரிப்பது போலப் பாசாங்கு செய்தாள்.

"முன்னாடியே சொல்றதுக்கென்ன. நான் கடைக்குக் கிளம்பிட்டிருந்தேன். சரி, அரைநாள் கடை திறக்கலன்னா ஊருல யாரும் செத்துட மாட்டாங்க. அப்படியே செத்தாலும் என் மாத்திரை சாப்பிட்டிருந்தாத்தான் சாவாங்க, விடு."

அடுத்த சில நிமிடங்களில் பெரியவள் செய்த உபகாரங்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. வழியில் இருந்த பூந்தொட்டிகளைத் தானே நகர்த்தினாள். துணி துவைக்கும் இயந்திரத்தை நிறுத்தினாள். தண்ணீர் மோட்டாரை அணைத்தாள். "நடக்கறதுகூடக் கேக்கும்னா நான் செருப்பைக் கழட்டிடறேன்" என்று கழற்றியும் வைத்தாள். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாளைப் பார்த்து, "என் ஓரகத்தி! பாலத்துக்கெல்லாம் பாறை பார்க்கறவ. என் வீட்டைச் சோதிக்கணும்னு வேலையை விட்டுட்டு வந்திருக்கா" என்று உரக்கச் சொன்னாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். சின்னவள் உணரிகளை ஒவ்வொன்றாக மண்ணில் குத்திக்கொண்டே போனாள், தலையை நிமிர்த்தவே இல்லை.

குழியின் விளிம்பில் தொடங்கிய வரிசை, இன்னும் தோண்டாத நிலத்தைக் கடந்து, நடுக்கதவு வழியாக நுழைந்து, பெரியவளின் சமையலறையை ஒட்டிப் போய்த் தோட்டத்தின் கோடியில் முடிந்தது. சின்னவள் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள்.

"யாரும் அசையாதீங்க!"

பெரியவள் ஒரு பூந்தொட்டியைத் தூக்கியபடியே சிலையாக நின்றாள்.

குழிப் பக்கமிருந்து முதல் போடு விழுந்தது. திரையில் கோடுகள் துள்ளின. அன்று பார்த்த அதே சங்கதிதான். பாறை மேலாகவே இருக்கிறது, வேகம் மட்டும் கொஞ்சம் மந்தம். அந்த மந்தத்தைத்தான் 'உதிர்ந்த பாறை' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சம்மட்டியார் தட்டைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக் கோடிக்கு நடந்தார். அன்று நடந்திருக்க வேண்டிய நடை.

"போடட்டுமா மேடம்?"

"போடுங்க."

சம்மட்டி விழுந்தது. சின்னவள் திரையைப் பார்த்தாள். பாறையைத் தொட்டுவிட்டு வர வேண்டிய அதிர்வு வரவில்லை. இன்னும் வரவில்லை. பிறகு, ரொம்பத் தாமதமாக, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. வந்த பிறகு அது குழியைப் பார்த்து ஓடிய வேகமோ நம்ப முடியாத வேகம். கீழேயிருந்து மேட்டை நோக்கி ஏறும் பாறையில்தான் அப்படித் தோன்றும். இரண்டு முனைக் கணக்கும் இரண்டு திசையைப் பார்த்து முறைத்துக்கொண்டு நின்றன.

"இன்னொரு தடவை போடுங்க."

இன்னொரு தடவையும் அதேதான்.

சந்தேகத்துக்கு இடமில்லை. பாறை சுவரை நெருங்கும்போதே மூழ்கத் தொடங்கி, சமையலறைக்கு நேர் கீழே மூன்று ஆள் ஆழத்துக்கும் மேல் போய்விட்டிருந்தது. நடுவில் இருப்பதெல்லாம் ஈரக் களிமண். அந்தக் களிமண்ணின் ஒரு பக்கத்தைத்தான் முட்டுக்கூட இல்லாமல் தோண்டித் திறந்து வைத்திருக்கிறார்கள். நாளைக் காலை மிச்சத்தையும் திறந்தால், சமையலறை கட்டடக் குழிக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

"தொட்டியை இறக்கி வெக்கலாமா? கை போகுது," என்றாள் பெரியவள்.

"இறக்குங்கக்கா."

"எப்படி, எல்லாம் நல்லபடியா?"

சின்னவள் பெட்டியை மூடினாள். "விரிசலைக் காட்டுங்க."

சமையலறைச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து தரைவரை கோணலாக ஓடியது விரிசல். அதன் இருபுறமும் புதுச் சுண்ணாம்பு வெள்ளை வெளேரென்று இருந்தது. விரிசலுக்குக் குறுக்கே வரிசையாகப் பிளாஸ்திரிகள், காயத்துக்கு ஒட்டுவது போல.

"நீ சொன்னியேன்னு சுண்ணாம்பு பூசினேன். மறுபடியும் பிளந்துக்கிச்சு. மருந்துக்கடைக்காரி வேற என்ன பண்ணுவேன்? கடையில இருக்கறதுலயே நல்ல பிளாஸ்திரியா எடுத்து ஒட்டினேன்." பெரியவள் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தாள்.

பிளாஸ்திரிகள் ஒவ்வொன்றும் நட்டநடுவில் கிழிந்திருந்தன.

தான் வாய்க்கு வந்தபடி வீசிய ஒரு வார்த்தையை இவள் வைத்தியமாக எடுத்துக்கொண்டு, மெனக்கெட்டுச் சுண்ணாம்பு பூசியிருக்கிறாள். சின்னவளுக்குக் காது மடல்கள் சுட்டன. அந்தச் சுவரைவிட்டுப் பார்வையை எடுத்தால் பெரியவளைப் பார்க்க வேண்டி வரும் என்பதால் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஊமையாயிட்டே? கீழ பாறை இருக்குல்ல?"

பின்வாசலில் நிழல் தட்டியது. பல் டாக்டர், வேலைக்குக் கிளம்பிய சட்டையோடு நடுக்கதவு வழியாக வந்து நின்றிருந்தார். அண்ணியின் முதுகுக்குப் பின்னால், மனைவியைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையை அசைத்தார்.

"இல்லக்கா," என்றாள் சின்னவள்.

"என்ன இல்ல?"

"பாறை இல்ல. இந்தச் சுவருக்குக் கீழ வெறும் களிமண்ணு. பக்கத்துல நாங்க தோண்டினதாலதான் இந்த விரிசல். நான் சொன்னது தப்பு."

பெரியவள் சொட்டிக்கொண்டிருந்த குழாயைத் திருகி மூடினாள்.

"பாலத்துக்கெல்லாம் சரியாச் சொல்றியே. எங்க வீட்டுக்கு மட்டும் எப்படித் தப்பாச்சு?"

"இந்தப் பக்கத்துல இருந்தும் அடிச்சுப் பார்த்திருக்கணும். பார்க்கல."

"ஏன்?"

"சுவரோரம் சிமென்ட் தரை..." என்று தொடங்கினாள். பெரியவள் ஜன்னல் வழியாகத் தன் தோட்டத்து மண்ணைப் பார்த்தாள். பிறகு சின்னவளைப் பார்த்தாள். அதற்குமேல் அந்தச் சிமென்ட்டை இழுக்க முடியவில்லை.

"உங்ககிட்ட வந்து கேட்டு நிக்கப் பிடிக்கலக்கா."

"என்கிட்ட எதுக்குக் கேக்கணும்? நான் காலையில போனா ராத்திரிதான் வரேன். நான் இல்லாதப்ப வந்து அடிச்சுட்டுப் போயிருக்கலாமே! அதுகூடவா தோணல?"

"தோணுச்சு. நீங்க நடுவுல வந்துட்டா, திருட்டுத்தனமா நிக்கற மாதிரி ஆயிடுமேன்னு..."

"ஓஹோ. என் எதிர்ல தலை குனியக் கூடாது. அதுக்கு என் வீடு சாஞ்சாலும் பரவாயில்ல."

"சாயும்னு நினைக்கல."

"நினைக்கலையா, நினைச்சுப் பார்க்க இஷ்டப்படலையா?"

பெரியவள் கிழிந்த பிளாஸ்திரி ஒன்றை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அப்போ காலையில கேட்டேனே, எனக்காகவான்னு. ஆமான்னு சொன்னியே?"

"அதுவும் பொய்தான்."

"அடிப்பாவி. எதிர்வீட்டு மாடி வரைக்கும் சொல்லிட்டேனே."

அவள் குரல் உடைந்தது அந்த இடத்தில்தான். விரிசலுக்கு உடையாத குரல் அதற்கு உடைந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

பல் டாக்டர் உள்ளே ஓர் அடி வைத்தார். "அண்ணி, நீங்க பதறாதீங்க. எல்லாத்துக்கும் முட்டு கொடுத்துடலாம்."

"பதறல தம்பி. நீங்களும் தெரிஞ்சுதான் நிக்கறீங்களா, இல்ல இப்பத்தான் தெரியுமா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெரியவளுக்கு அது போதுமான பதில்.

"இன்னிக்கு ராத்திரி நான் இங்க படுக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லு," என்றாள் சின்னவளிடம்.

"முன்ரூம்ல படுங்க. சமையலறைக்குள்ள யாரும் வர வேண்டாம். சுவரோரம் இனிமே ஒரு கூடை மண்ணுகூட எடுக்க விடமாட்டேன். எடுத்ததையும் திருப்பிக் கொட்டணும். இன்னிக்கே."

"திருப்பிக் கொட்டறதா?" பல் டாக்டரின் குரல் உயர்ந்தது. "கட்டடம்?"

"கொட்டிட்டுத்தாங்க கட்டடத்தைப் பத்திப் பேச முடியும்."

அவர் மனைவியை ஒரு கணம் பார்த்தார். அறிமுகமில்லாத ஒருத்தி தன் வீட்டில் நுழைந்துவிட்டதைப் பார்ப்பது போல. பிறகு விறுவிறுவென்று நடுக்கதவைத் தாண்டிக் குழிப் பக்கம் போய்விட்டார்.

பெரியவள் மேடை மேலிருந்த செல்போனை எடுத்தாள். ஏதோ அழுத்தினாள். மணி போகும் சத்தம் கேட்டது.

"யாருக்குக்கா?"

"வீட்டுக்காரருக்கு. கப்பல் இன்னிக்குக் கரையில நிக்குது. நீயே சொல்லு. நான் சொன்னா ஓரகத்திச் சண்டைன்னு நினைப்பார்."

திரையில் பெரியவரின் முகம் வந்தது. நெற்றியில் எண்ணெய்க் கறை, பின்னால் ஏதோ குழாய்கள். இருவரையும் ஒரே திரையில் பார்த்ததும் அவர் முகம் விரிந்த விரிவைச் சொல்லி முடியாது.

"அடடே! ரெண்டு பேரும் ஒரே சமையலறையிலயா? கண்ணை நம்பவா வேண்டாமா? யாரு முதல்ல பேசினது?"

"அவதான்," என்றாள் பெரியவள், எங்கேயோ பார்த்துக்கொண்டு. "இன்னும் பேசணுமாம். கேளுங்க."

போன் சின்னவளின் கைக்கு வந்தது. பெரியவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். "சொல்லும்மா. நல்லா இருக்கியா? எனக்கு இன்னிக்குச் சோறே வேண்டாம் போ."

அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம் உறுமிக்கொண்டு கிளம்பியது. மண்ணைக் கொட்டவா, தோண்டவா? சின்னவள் போனைப் பிடித்தபடியே பின்வாசலைத் தாண்டித் தோட்டத்தில் இறங்கி, நடுக்கதவை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

"அத்தான், நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேன்..."

"என்னம்மா? ஒரே இரைச்சலா இருக்கு. ஒண்ணும் கேக்கல!"

"உங்க வீட்டுக்குக் கீழ பாறை இல்ல அத்தான்..."

"கேக்கலம்மா! சத்தமாச் சொல்லு!"

சின்னவள் நடுக்கதவில் நின்றாள். குழியைச் சுற்றி, அன்று சிரித்த ஆட்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். மேஸ்திரி இருந்தார். எதிர்வீட்டு மாடியில் அந்த அம்மாள் இருந்தாள். தோட்டத்தில் சம்மட்டியார் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பின்னால் படிக்கட்டில், செருப்பில்லாத காலோடு, பெரியவள்.

மூச்சை இழுத்துக்கொண்டு, இயந்திரத்தின் சத்தத்துக்கு மேலே, தொண்டை கிழியக் கத்தினாள்.

"உங்க வீடு களிமண் மேல நிக்குது அத்தான்! பாறை இருக்குன்னு நான் சொன்னது தப்பு! சரியாப் பார்க்காமச் சொல்லிட்டேன்! அக்கா விரிசலைக் காட்டினப்போ அவங்களைக் கேலி பண்ணிட்டேன்! வீடு விழப் பார்த்தது என்னாலதான்!"

மாடியில் துணியைப் பிழிந்துகொண்டிருந்த கை நின்றது. ஆட்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

போனில் பெரியவரின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல வடிவதை அவள் பார்த்தாள். கடைசிச் சொட்டுவரை பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

இயந்திரத்தின் வாளி, சுவரோரத்து மண்ணுக்கு மேலே, காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவள் கணவர் கையை உயர்த்தி நின்றிருந்தார். ஓட்டுநர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது 'நிறுத்து' என்று சொல்கிறதா, 'இறக்கு' என்று சொல்கிறதா என்று, இத்தனை வருஷம் அவரோடு குடித்தனம் நடத்திய சின்னவளுக்கே தெரியவில்லை.